போர்ட்டை மாற்றுவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

நீங்கள் எழுதியவற்றின் சுருக்கம் இது. ஜப்பானிலிருந்து பாவித்த காராக வந்த 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையை ஒட்டி. காருடன் வந்த 200 வோல்ட் கேபிளின் பிளக்கை மாற்றி, போர்ட்டிகோவில் உள்ள 13 அம்பியர் சாக்கெட்டில் சார்ஜ் செய்கிறீர்கள். சார்ஜ் ஏறத் தொடங்கி, முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. காரில் செருகும் கன் கைசுடும் அளவுக்குச் சூடாகிறது. மழை இரவுகளில் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. கராஜில் பார்த்தவர், கன்னைச் செருகும் காரின் சார்ஜ் வாயைக் காட்டி, "போர்ட் போய்விட்டது, கொழும்பிலிருந்து பாவித்த போர்ட் எடுப்பிக்க வேண்டும்" என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது மாற்ற வேண்டாம். போர்ட் பழுதாகவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழுதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகள் ஒரே நோயினுடையவை அல்ல. சார்ஜ் தொடங்கி, நேரம் சென்ற பிறகு நிற்பது சூட்டின் வேலை. மழையில் ட்ரிப் விழுவது கசிவின் வேலை. தொடங்கவே மறுத்தால் அது காரும் கேபிளும் பேசிக்கொள்ளும் சமிக்ஞையின் கோளாறு. அது உங்களுக்கு இல்லை. பழுதைத் தேடும்போது நான் முதலில் கேட்பது "எப்போது நிற்கிறது?" என்பதைத்தான். செருகிய உடனேயா, கிளிக் சத்தம் கேட்ட கணத்திலா, அரை மணி கழித்தா, மழை பெய்தால் மட்டுமா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதிக் கார் தேடலிலிருந்து விலகிவிடும். போர்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அதே சாக்கெட்டில் அதே கன்னைச் செருகினால், புதிய போர்ட்டும் சில மாதங்களில் கருகும்.

சோதிக்கத் தொடங்கும் முன் ஓர் எல்லையைப் போட்டுக்கொள்வோம். லீஃப் காரின் பெரிய பற்றரியில் 360 வோல்ட் அளவில் நேர்மின்சாரம் இருக்கிறது. செம்மஞ்சள் நிற உறையிட்ட கேபிள் எதையும் கழற்றவோ வெட்டவோ கூடாது. முன்மூடிக்குள் இரண்டு வாய்கள் இருக்கின்றன. பெரியது சாடெமோ விரைவுச் சார்ஜுக்கானது. அதன் தடித்த ஊசிகளில் மல்டிமீட்டர் முனையை வைக்க வேண்டாம். காருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே பற்றரியின் முழு வோல்ட்டும் நிற்கும். கீழே நான் சொல்லும் சோதனைகளில் கண்ணால் பார்ப்பதும், தொட்டுப் பார்ப்பதும், பிரேக்கரை ஏற்றி இறக்குவதும் உங்கள் வேலை. மீட்டர் வைப்பதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

சுவரிலிருந்து தொடங்குவோம். அந்த ஜப்பானியக் கேபிள் "15 அம்பியர் வரை எடுத்துக்கொள்" என்று காருக்குச் சொல்லும்படி செய்யப்பட்டது. நீங்கள் அதைச் செருகியிருப்பது 13 அம்பியர் சதுர ஊசிச் சாக்கெட்டில். கேத்தல் சில நிமிடம் கொதித்து ஓய்ந்துவிடும், அயர்ன் அவ்வப்போது தானாக அணைந்து எரியும். ஆனால் கார் ஏழெட்டு மணி நேரம் ஓய்வே இல்லாமல் முழு மின்னோட்டத்தை இழுக்கும். 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் 15 அம்பியரில் உடனே எரிந்துபோகாது. மணிக்கணக்கில் சூடேறிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் சாக்கெட்டின் பித்தளைத் தகடு தளர்கிறது. தளர்ந்தால் தொடர்புத் தடை கூடும். தடை கூடினால் இன்னும் சூடு.

இதைக் கணக்கில் பாருங்கள். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது. 15 அம்பியர் ஓடும் இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தால் 45 வாட். ஒரு சாலிடரிங் அயர்னை உங்கள் சாக்கெட்டுக்குள் வைத்து இரவு முழுவதும் எரியவிடுவதற்குச் சமம். 0.2 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரில் பிழையோடு பிழையாக மறைந்துபோகும் அளவு. அதனால்தான் "மீட்டர் வைத்துப் பார்த்தேன், தொடர்பு நன்றாக இருக்கிறது" என்பதை இந்த விஷயத்தில் நான் ஏற்பதில்லை. சுமை ஓடும்போது சோதித்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பகல் நேரத்தில், நீங்கள் அருகில் இருக்கும்போது, அரை மணி நேரம் சார்ஜ் போடுங்கள். பிறகு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே நான்கு இடங்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுவர்ச் சாக்கெட்டின் முகம், பிளக், கேபிளின் நடுவில் இருக்கும் பெட்டி, கன்னின் முனை. எது அதிகம் சுடுகிறதோ அங்கேதான் பழுது. பெட்டி சற்று இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு எங்கே இருந்தாலும் அது சரிசெய்யப்படும் வரை அந்த இடத்தில் சார்ஜ் போடக் கூடாது. தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் இன்னும் நல்லது. 60 பாகை செல்சியசைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

மின்வேலை தெரிந்தவர் வந்தால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஓடாதபோது அந்தச் சுற்றில் எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை? ஒரு கணக்குக்காக, 234 இருந்தது 215 ஆக விழுகிறது, கார் 14 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 19 வோல்ட் வழியிலேயே கரைந்துவிட்டது. 19ஐ 14ஆல் பெருக்கினால் 266 வாட். அவ்வளவு வெப்பம் உங்கள் சுவருக்குள்ளும் மூட்டுகளிலும் இறங்குகிறது. வயர் முழுவதும் பரவினால் ஓரளவு தாங்கும். ஒரே மூட்டில் இறங்கினால் தீப்பிடிக்கும். முக்கால் மணி நேரத்தில் உங்கள் கார் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சூடு ஏற ஏறத் தடை கூடி, வோல்ட் குறைந்து, காருக்குள் உள்ள சார்ஜர் ஓர் எல்லைக்குக் கீழே வேலை செய்ய மறுக்கும். அல்லது கேபிள் பெட்டியின் வெப்பப் பாதுகாப்பு துண்டித்துவிடும். இரண்டிலும் கார் சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

சாக்கெட்தான் குற்றவாளி என்றால் அதே இடத்தில் இன்னொரு 13 அம்பியர் சாக்கெட்டை மாட்டாதீர்கள். மெயின் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கெனத் தனிப் பிரேக்கர், முடிவில் மூடியுள்ள 16 அம்பியர் நீலநிறக் கைத்தொழில் சாக்கெட். போர்ட்டிகோவில் உப்புக் காற்றும் சாரலும் படும் என்பதால் அந்த மூடி முக்கியம். பாவித்த போர்ட்டுக்குக் கேட்கும் தொகையோடு இந்தச் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். கேபிளுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே அடாப்டர், நீட்டிப்பு வயர் எதுவும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடுத்தது எர்த். நம்முடைய வீடுகளில் எர்த் என்பது வீட்டருகே மண்ணில் இறக்கிய கம்பிதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மேல்மண் முழுவதும் மணல். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மணல் ஈரமே இல்லாமல் காய்ந்துவிடும்; கம்பியின் தடை பல மடங்கு கூடும். எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரம் விடும் கேபிள் பெட்டிகள் உண்டு. அவை ஆவணியில் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிட்டு, மார்கழி மழையில் ஒழுங்காக வேலை செய்யும். அதைக் கண்டு "கார் தானாகவே சரியாகிவிட்டது" என்று நிம்மதி அடைபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். சரியாகியது மண், அடுத்த வெயிலில் திரும்பக் கெடும். எர்த் மோசமான வீட்டில் காரின் உடலே மின்னேறி நிற்கக்கூடும். எர்த் தடையை அதற்கான மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் பிடித்துப் பார்க்கும் பழைய வழக்கம் ஆபத்தானது. ட்ரிப் சுவிட்சும் விழும்.

இனி உங்கள் மழை இரவுகள். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவில் விழுவதற்கென்றே வைக்கப்பட்டது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கன்னுக்குள் படிந்த உப்பில் சாரல் பட்டால் மின்முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே மின்சாரம் கசியப் பாதை கிடைத்துவிடும். இதில் ஜப்பானியக் கேபிளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஜப்பானின் 200 வோல்ட் வீட்டு இணைப்பில் இரண்டு வயர்களுமே நிலத்துக்கு 100 வோல்ட் உயரத்தில்தான் இருக்கும். இங்கே ஒரு வயரில் 230 வோல்ட்டும் நிற்கிறது. அதே ஈரம், அதே அழுக்கு, ஆனால் எர்த்தை நோக்கித் தள்ளும் வோல்ட் இரு மடங்குக்கும் மேல்.

எங்கே கசிகிறது என்பதை ஒரு சத்தமே பிரித்துக் காட்டும். வீட்டின் மற்றப் பிரேக்கர்களை இறக்கிவிட்டு, கேபிளைக் காரில் செருகாமல் சுவரில் மட்டும் போடுங்கள். ட்ரிப் விழுந்தால் பழுது பிளக்கில், வயரில் அல்லது பெட்டியில். விழாவிட்டால் கன்னைக் காரில் செருகுங்கள். பெட்டிக்குள் "கிளிக்" என்று ரிலே மூடும் வரை கன்னின் பெரிய முனைகளுக்கு மின்சாரம் வராது. கிளிக் கேட்ட அதே கணத்தில் விழுந்தால் கசிவு கன்னில், போர்ட்டில் அல்லது காருக்குள் உள்ள சார்ஜரில். அப்போது, போர்ட்டில் உருகிய அடையாளம் இல்லாவிட்டால் மட்டும், நன்றாகக் காய்ந்த, நல்ல நிலையில் உள்ள வேறு கேபிளால் அதே காரைப் போட்டுப் பாருங்கள். விழவில்லை என்றால் உங்கள் கன்தான். காய்ந்த கேபிளிலும், வெயில் நாளிலும் விழுகிறது என்றால் மட்டுமே காருக்குள் போக வேண்டும். மற்றப் பிரேக்கர்களை இறக்கியதும் பிரச்சினையே இல்லை என்றால், குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டரும் சிறிது சிறிதாகக் கசிந்து, காரின் இயல்பான சிறு கசிவு அதோடு சேர்ந்து 30ஐத் தொடுகிறது என்று கொள்ளலாம்.

போர்ட்டை இப்போதுதான் பார்க்க வேண்டும். காரை நிறுத்தி, கேபிளைக் கழற்றிவிட்டு, டோர்ச் அடித்து கைத்தொலைபேசியால் கிட்டத்தில் படம் எடுங்கள். சாதாரண சார்ஜ் வாயில் ஐந்து ஊசிகள்: பெரியவை இரண்டும் மின்சாரத்துக்கு, ஒன்று எர்த், சிறியவை இரண்டும் சமிக்ஞைக்கு. ஊசிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கருமை இருந்தால் அது வெள்ளிப் பூச்சு மங்கியது. பெரும்பாலும் கெடுதல் இல்லை. பச்சையோ வெள்ளையோ பொடி பூத்திருந்தால் உப்பு அரிப்பு. ஒரே ஓர் ஊசியைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுத்து, உருகி, வளையமாக நின்றால் அதுதான் சூட்டின் தழும்பு. ஓர் ஊசி மற்றவற்றைவிட உள்ளே அமிழ்ந்திருந்தால் அதன் பிடிப்பு உடைந்துவிட்டது. கன் வாயையும் அதேபோலப் பாருங்கள். கொக்கியில் திறந்தபடி தொங்கும் கன்னுக்குள் மணலும் குளவிக் கூட்டு மண்ணும் இருப்பது இங்கே புதிதல்ல.

போர்ட்டில் இருப்பது ஆண் ஊசி. கன்னில் இருப்பது அதைக் கவ்விப் பிடிக்கும் சுருள்வில் தொடர்பு. தேய்வதும் தளர்வதும் முதலில் கன்தான். தளர்ந்த கன் நல்ல ஊசியைக் கருக்கும். கருகிய ஊசி அடுத்து வரும் புதிய கன்னைக் கெடுக்கும். இப்படி ஒரு கருகல் காருக்குக் கார் தாவும். ஆகையால் போர்ட்டில் உருகிய அடையாளம் தெரிந்தால், சோதித்துப் பார்க்கிறேன் என்று நண்பரின் நல்ல கேபிளை இரவல் வாங்கிச் செருக வேண்டாம். மாற்றுவதானால் போர்ட்டையும் கன்னையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

உப்பும் அழுக்கும் மட்டும்தான் என்றால் சுத்தம் செய்தாலே போதும். சுவர் இணைப்பை எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த மென்மையான நைலோன் தூரிகையால் ஊசிகளையும் குழிகளையும் துடையுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகே செருகுங்கள். மண்கடதாசி வேண்டாம், ஊசியின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டிவிட்டால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். கிரீஸ், எண்ணெய்த் தெளிப்பான்கள் மணலையும் தூசியையும் ஒட்டி வைத்துக்கொள்ளும். வாயின் அடியில் தண்ணீர் வடியும் துளை மணலால் அடைத்திருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். கார் கழுவும் இடத்தில் அழுத்த நீரை அந்த மூடிப் பக்கம் அடிக்க விடாதீர்கள்.

சார்ஜ் தொடங்கவே மறுக்கும் கார்களை வைத்திருப்பவர்களுக்காகச் சமிக்ஞையைப் பற்றியும் சொல்கிறேன். உங்கள் மின்வேலையாளரும் இதைப் படிக்கட்டும். உங்கள் லீஃபில் செருகுவது போன்ற டைப் 1 கன்னில் எர்த்துக்கும் "செருகியாயிற்று" என்று சொல்லும் சிறு முனைக்கும் நடுவே 150 ஓம் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் 480 ஓம். பொத்தானின் கீழ் மணல் புகுந்து அது பாதி அழுந்தியபடி நின்றால், யாரோ கன்னைக் கழற்றப் போகிறார்கள் என்று கார் எண்ணிச் சார்ஜை நிறுத்திவிடும். கடலோரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். காரின் பக்கம் அதே இரு ஊசிகளுக்கு நடுவே சுமார் 2.7 கிலோ ஓம் வரும்.

மற்றச் சிறு முனை பைலட். கார் இல்லாதபோது அதில் எர்த்திலிருந்து 12 வோல்ட். கன்னைச் செருகியதும் 9 ஆகும், கார் மின்சாரம் கேட்கும்போது 6 ஆகும். அந்த நேரத்தில் அது விநாடிக்கு 1000 தடவை துடிக்கும் சதுர அலை. கீழ்ப்பக்கம் மைனஸ் 12 வரை போகும். எத்தனை அம்பியர் எடுக்கலாம் என்பதை அந்தத் துடிப்பின் அகலம் சொல்கிறது. மேல்நிலை 25 வீதம் என்றால் 15 அம்பியர், 10 வீதம் என்றால் 6 அம்பியர். இதைச் சாதாரண மல்டிமீட்டரில் பார்த்து "மைனஸ் 7.5 காட்டுகிறது, பெட்டி செத்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 15 அம்பியர்க் கேபிள் ஒழுங்காகச் சார்ஜ் செய்யும்போது சராசரி அப்படித்தான் காட்டும். அலைகாட்டி (ஒஸிலோஸ்கோப்) இருந்தால் நேரடியாகவே பார்த்துவிடலாம். 9இலேயே நின்று 6க்கு இறங்கவில்லை என்றால் கேபிள் தன் வேலையைச் செய்துவிட்டது, கார்தான் மறுக்கிறது.

கார் ஏன் மறுக்கிறது என்பதற்குச் செலவில்லாத காரணங்கள் இரண்டு. ஒன்று, டைமர். ஜப்பானிய மொழித் திரையில் முந்தைய சொந்தக்காரர் போட்ட நேரக் கட்டுப்பாடு அப்படியே கிடக்கலாம். டைமரை ரத்துசெய்யும் பொத்தானை அழுத்திவிட்டுச் செருகிப் பாருங்கள். மற்றது, 12 வோல்ட் சிறு பற்றரி. பெரிய பற்றரியின் ரிலேக்களை மூட வைப்பது அதுதான். அது பலவீனமாக இருந்தால் பெரிய பற்றரியில் சக்தி இருந்தும் சார்ஜ் தொடங்காது.

காரின் கணினியோடு இணையும் ஓபிடி கருவியையும், கைத்தொலைபேசியில் லீஃப் ஸ்பை செயலியையும் வைத்துப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். முதலில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு அழியுங்கள். மறுபடி சார்ஜ் போட்டு, திரும்பி வருவது எது என்று பாருங்கள். குறியீட்டில் சார்ஜர் என்று வந்தால் சார்ஜர் செத்துவிட்டது என்று பொருளல்ல. வோல்ட் விழுந்ததைக் கண்டு முறைப்பாடு செய்ததும் அதே சார்ஜராக இருக்கலாம்.

எங்காவது சாடெமோ விரைவுச் சார்ஜர் உள்ள இடத்துக்குப் போனால் அதையும் ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒழுங்காக ஏறுகிறது, வீட்டில் ஏறவில்லை என்றால் பெரிய பற்றரியும் அதன் ரிலேக்களும் நலம். தேட வேண்டியது சாதாரண சார்ஜின் பாதையில் மட்டுமே.

2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு டைப் 2 (சாதாரண சார்ஜ்), சிசிஎஸ் 2 (விரைவுச் சார்ஜும் சேர்ந்தது) என்ற வேறு வகை வாய் உள்ள கார்களும் நம் வீதிகளுக்கு வந்திருக்கின்றன. அவற்றின் கதை கொஞ்சம் வேறு. கன்னைப் பூட்டிப் பிடிக்கும் சிறு மோட்டர் ஒன்று உண்டு. அது முழுவதும் பூட்டாவிட்டால் கார் மின்சாரம் எடுக்காது. மணல் சேர்ந்தால் முதலில் சிக்குவது அந்தப் பூட்டுத்தான். வாயிலேயே வெப்ப உணரி வைத்த கார்கள் சூட்டைக் கண்டதும் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். சார்ஜ் நிற்காமல் மெதுவாகிறது என்றால் அங்கே தேடுங்கள். கேபிளின் தாங்குதிறனையும் ஒரு தடைதான் காருக்குச் சொல்கிறது: 680 ஓம் என்றால் 20 அம்பியர், 220 ஓம் என்றால் 32.

உங்கள் காருக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்து நான் இரண்டு தனித்தனிப் பழுதுகளைச் சந்தேகிக்கிறேன். முக்கால் மணி நேரத்தில் நிற்பதற்குச் சுவர்ச் சாக்கெட் அல்லது தளர்ந்த கன். மழையில் ட்ரிப் விழுவதற்கு அதே கன்னில் படிந்த உப்பு. கன் சுடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் அதை மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு அதிகம். போர்ட் தப்பியிருக்கிறதா என்பதை ஊசியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் சொல்லும். உருகியிருந்தால் கராஜ்காரர் சொன்னது சரி, தாமதிக்காமல் மாற்றுங்கள். அந்த வேலையை, பெரிய பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, வோல்ட் இல்லை என்று அளந்து உறுதிசெய்த பிறகே வயரைத் தொடும் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். பாவித்த போர்ட் வந்ததும் காசு கொடுப்பதற்கு முன் அதன் ஐந்து ஊசிகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். இன்னொருவரின் கருகிய போர்ட்டுக்கு நீங்கள் விலை கொடுக்கக் கூடாது.

அதுவரை இரவில் யாரும் பார்க்காமல் சார்ஜ் ஓட விடாதீர்கள். அரை மணிச் சோதனையில் எந்த இடம் அதிகம் சுட்டது என்பதையும், போர்ட், கன் இரண்டின் கிட்டப் படங்களையும் அனுப்பினால், எதை முதலில் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.